இளைய பிராட்டி துப்பறிகிறாள்!

ஆண்டு மலர் வேலை ஆரம்பித்ததுமே மலர்க் குழுவினர் என்னிடம் ஒரு வேண்டுகோள் வைத்தார்கள். "தன்னம்பிக்கை, தேசபக்தி, தாய்ப்பாசம் எல்லாத்துக்கும் கட்டுரை வந்தாச்சு. நீ எப்பப் பார்த்தாலும் கதைப் புஸ்தகமும் கையுமா இருக்கே. அதைப் பத்தி எழுதிக் கொடு. ஆனா டெக்னிகலா ஒரு விஷயமாவது இருக்கணும்!"

கதையும் வேண்டும், டெக்னிகல் சரக்கும் வேண்டும் என்றால் துப்பறியும் கதையை விட்டால் வேறு ஏது? அதிலும் எனக்குப் பிடித்தது பழைய காலத்தில் நடக்கிற துப்பறியும் கதை. அதிலும் ஒரு பெண் துப்பறிகிற கதை. அவள் போலீஸ் இல்லை, சம்பளம் வாங்கும் ஒற்றனும் இல்லை. அழகு, செல்வம், செல்வாக்கு எல்லாம் உள்ளவள். வேளாவேளைக்குச் சாப்பிட்டுவிட்டு அந்தப்புரத்தில் ஊஞ்சல் ஆடலாம். ஆனாலும் தன் வீட்டைச் சுற்றி ஏதோ சதி நடக்கிறது என்று மூக்கில் வேர்த்ததும், தானாகவே விசாரணையில் இறங்குகிறாள்.

அப்படி ஒருத்தி தமிழில் உண்டா? உண்டு தோழர்களே! உங்களில் பலர் அவளைப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள், சினிமாவிலும் பார்த்திருப்பீர்கள். ஆனால் அவளைத் துப்பறிவாளர் என்று யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவள்தான் 'பொன்னியின் செல்வன்' குந்தவை. இளைய பிராட்டி!

முதலில் வெளியூர் நிலவரம்

சரித்திரக் கதையையும் துப்பறியும் கதையையும் ஒன்றாகக் கலக்கும் வேலையை இங்கிலாந்தில் பெரிய அளவில் செய்து பார்த்தவர் அகதா கிறிஸ்டி. அவர் கணவர் ஒரு தொல்பொருள் ஆய்வாளர். 1944-ல் கிறிஸ்டி எழுதிய ஒரு நாவல் சுமார் 4,000 வருஷத்துக்கு முந்தைய எகிப்தில், ஒரு குடும்பத்துக்குள்ளேயே அடுத்தடுத்து நடக்கும் கொலைகளைப் பற்றியது. அதில் ரெனிசென்ப் என்ற இளம் விதவையின் கண் வழியாகத்தான் நாம் எல்லாவற்றையும் பார்க்கிறோம்.

1951-ல் ஜோசஃபின் டே என்ற எழுத்தாளர் 'தி டாட்டர் ஆஃப் டைம்' என்று ஒரு நாவல் எழுதினார். கால் உடைந்து ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர் படுத்தபடியே ஒரு பழைய வழக்கை எடுக்கிறார். இங்கிலாந்து அரசர் மூன்றாம் ரிச்சர்ட் தன் அண்ணன் பிள்ளைகள் இருவரைக் கொன்றார் என்று பள்ளிக்கூடப் புத்தகங்கள் சொல்கின்றனவே, அதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்கிறார். கடைசியில் ரிச்சர்ட் நிரபராதி என்ற முடிவுக்கு வருகிறார். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஆஸ்திரேலியாவில் கெர்ரி கிரீன்வுட் 1989-ல் ஃப்ரைனி ஃபிஷர் என்ற கதாநாயகியை அறிமுகம் செய்தார். 1928-ம் வருஷத்து மெல்போர்ன் நகரம். பட்டு உடை, வேகமான கார், கையில் துப்பாக்கி. வசதியான சீமாட்டி பொழுதுபோகாமல் துப்பறியத் தொடங்குவதாகக் கதை. பின்னால் டெலிவிஷன் தொடராகவும் வந்து உலகமெங்கும் ஓடியது.

நம்ம ஊர் சரக்கு

துப்பறியும் கதை நமக்கு ஒன்றும் புதிசு இல்லை. 1900-களின் தொடக்கத்திலேயே ஜே.ஆர். ரங்கராஜு 'ராஜாம்பாள்' எழுதிவிட்டார். துப்பறியும் கோவிந்தன் அவருடைய ஆள். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் 'திகம்பர சாமியார்' 1950-ல் சினிமாவாக வந்து, எம்.என். நம்பியார் அதில் பல வேஷங்கள் போட்டு அசத்தினார். அப்புறம் தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷ் - வசந்த், ராஜேஷ்குமாரின் விவேக், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத் - சுசீலா, சுபாவின் நரேந்திரன் - வைஜயந்தி. பஸ் ஸ்டாண்டு கடையில் தொங்கிய பாக்கெட் நாவல்களை எங்கள் வீட்டில் சித்தப்பா மூட்டையாகக் கட்டி வைத்திருக்கிறார். சுசீலாவின் டி-ஷர்ட் வாசகத்துக்காகவே கதை வாங்கினவர்கள் உண்டு என்று அவர் சொல்லுவார்!

ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? அந்தப் பெண்கள் பெரும்பாலும் துணை. அழகு அவர்கள் பக்கம், கடைசி அத்தியாயத்தில் முடிச்சை அவிழ்க்கும் மூளை பெரும்பாலும் ஆண்கள் பக்கம். ராஜராஜ சோழன் காலத்தை வைத்து சுஜாதா எழுதிய 'காந்தளூர் வசந்தகுமாரன் கதை'யிலும் கணேஷ் - வசந்தை ஞாபகப்படுத்தும் இரண்டு ஆண்கள்தான் முன்னால் நிற்கிறார்கள். இந்தக் கணக்கை 1950-லேயே கல்கி மாற்றிப் போட்டுவிட்டார் என்பது என் கட்சி.

பொன்னியின் செல்வன் துப்பறியும் கதையா?

'கல்கி' வார இதழில் 1950 அக்டோபரில் தொடங்கி 1954 வரை தொடராக வந்தது பொன்னியின் செல்வன். ஐந்து பாகம். வாரா வாரம் மணியம் ஓவியம். "அது சரித்திர நாவல் ஆச்சே, அதில் ஏதுப்பா துப்பறியறது?" என்று கேட்பீர்கள். எலும்புக்கூட்டை மட்டும் எடுத்துப் பாருங்கள்.

நோயாளியான ராஜா சுந்தர சோழர். அவருக்கு அப்புறம் யார் என்பதில் போட்டி. நள்ளிரவில் கடம்பூர் மாளிகையில் குறுநில மன்னர்கள் கூடி, மூத்த இளவரசன் ஆதித்த கரிகாலனை ஒதுக்கிவிட்டு மதுராந்தகனுக்குப் பட்டம் கட்டத் திட்டம் போடுகிறார்கள். மூடு பல்லக்கில் வருவது பழுவூர் இளைய ராணி நந்தினி என்று ஊரெல்லாம் நினைக்க, உள்ளே இருந்து இறங்குவது மதுராந்தகன்! இன்னொரு பக்கம் திருப்புறம்பயம் பள்ளிப்படையில் ரவிதாசன் கூட்டம், பாண்டியன் தலையைக் கொய்த கரிகாலனைப் பழிவாங்கச் சபதம் எடுக்கிறது. ரகசிய ஓலை, முத்திரை மோதிரம், சுரங்க வழி, ஆள்மாறாட்டம், கடைசியில் இருட்டு அறையில் ஒரு கொலை. துப்பறியும் கதைக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஒற்றர்களும் இருக்கிறார்கள். ஆழ்வார்க்கடியான் முதன்மந்திரி அநிருத்தரின் ஆள். அவனுக்கு அது உத்தியோகம். ஆனால் எந்தப் பதவியும் இல்லாமல், அங்கங்கே சிதறிக் கிடக்கும் செய்திகளை ஒரே இடத்தில் உட்கார்ந்து சேர்த்துப் பார்ப்பவள் பழையாறையில் இருக்கும் குந்தவைதான்.

இளைய பிராட்டியின் முறை

அவள் வேலை செய்யும் விதத்தை நம்ம பிராக்டிகல் ரெக்கார்டு மாதிரி வரிசைப்படுத்திப் பார்த்தேன்.

ஒன்று, சோதனை. அரிசிலாற்றங்கரையில் முதலை ஒன்று வாயைப் பிளந்து கிடக்கிறது. வந்தியத்தேவன் பதறிப்போய் வேலை எறிகிறான். கடைசியில் அது பஞ்சடைத்த செத்த முதலை! வானதிக்குத் தைரியம் எவ்வளவு என்று பார்ப்பதற்காகக் குந்தவை ஏற்பாடு செய்தது. ஆளை நம்புவதற்கு முன்னால் ஆளைப் பரீட்சை செய்வது அவள் வழக்கம்.

இரண்டு, தகவல். வந்தியத்தேவன் ஓலையைக் கொண்டுவந்து கொடுத்ததும் அவனை அனுப்பிவிடவில்லை. வழியில் என்ன பார்த்தாய், யார் என்ன பேசினார்கள் என்று ஒன்று விடாமல் கேட்டு வாங்குகிறாள். கடம்பூர் சதி அவளுக்குத் தெரிய வருவது அப்படித்தான். ஓலையைவிட ஓலை கொண்டுவந்தவன் பார்த்த விஷயம் பெரிது என்பது அவளுக்குப் புரிந்திருக்கிறது.

மூன்று, சரியான ஆளைச் சரியான சாக்கில் அனுப்புவது. இலங்கையில் இருக்கும் தம்பி அருள்மொழியை அழைத்துவர வேண்டும். கோட்டையோ பழுவேட்டரையர்கள் கையில். ராஜாவின் நோய்க்கு மூலிகை கொண்டுவர என்று சொல்லி வந்தியத்தேவனைக் கோடிக்கரைக்கு அனுப்பிவைக்கிறாள். யார் சந்தேகப்பட முடியும்?

நான்கு, தானே நேரில் போவது. தஞ்சாவூர்ப் பாதாளச் சிறையில் கிடக்கும் சேந்தன் அமுதனை வேறு யாரையாவது விட்டு விசாரித்திருக்கலாம். வானதியையும் கூட்டிக்கொண்டு அவளே இறங்கிப் போகிறாள்.

ஐந்து, சேர்த்துப் பார்ப்பது. அப்பா ராத்திரியில் பயந்து அலறுகிறார். இளம் வயதில் ஒரு தீவில் தான் சந்தித்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறார். செத்துப்போன அவளுடைய ஆவி வந்து தன்னை வதைப்பதாக நம்புகிறார். இலங்கையிலிருந்து திரும்பும் வந்தியத்தேவனோ, ஊமை ராணி ஒருத்தியின் முகம் நந்தினியின் முகம் மாதிரியே இருக்கிறது என்கிறான். ஆவி என்று மற்றவர்கள் கும்பிட்டுவிட்டுப் போயிருப்பார்கள். குந்தவை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறாள். அப்பா பார்ப்பது ஆவி இல்லை, நந்தினி போடும் வேஷம். அப்படியானால் நந்தினி யார்? நம் கூடப்பிறந்தவளா? அந்த முடிவு சரியா தப்பா என்பதைக் கல்கி கடைசிவரை இழுத்துக்கொண்டே போகிறார். ஆனால் பேயை நம்பாமல் சாட்சியத்தை நம்பியது இருக்கிறதே, அதற்கு ஒரு சபாஷ் போடலாம்.

அழகு எதற்கு?

படம் வந்த 2022, 2023 வருஷங்களில் எங்கே போனாலும் ஒரே பட்டிமன்றம்: குந்தவை அழகா, நந்தினி அழகா? திரிஷா கட்சி, ஐஸ்வர்யா ராய் கட்சி என்று பிரிந்து அடித்துக்கொண்டார்கள். தப்பில்லை. கல்கியே பக்கம் பக்கமாக வர்ணித்திருக்கிறார்.

ஆனால் கதையில் அந்த அழகுக்கு ஒரு வேலை இருக்கிறது. நந்தினிக்கு அழகு ஓர் ஆயுதம். கிழவரான பெரிய பழுவேட்டரையரிலிருந்து கந்தமாறன் வரை அவள் எதிரில் புத்தியை இழக்கிறார்கள். குந்தவைக்கு அவளுடைய கம்பீரமும் செல்வாக்கும் ஒரு கேடயம். பெரிய பழுவேட்டரையரே அவள் கேள்விக்குப் பதில் சொல்லாமல் நழுவ முடிவதில்லை. ஒற்றன் ஒருவன் பிடிபட்டான் என்று செய்தி வரும்போது, இரண்டு பெண்களும் மனப் பதைப்பை முகத்தில் காட்டாமல் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. எனக்கு ஐந்து பாகத்திலும் பிடித்த கட்டம் அது. கத்தி எடுக்காத வாள்சண்டை!

இவ்வளவு செய்தும் குந்தவை தோற்றுப்போகிறாள். கரிகாலனும் நந்தினியும் சந்திக்கக் கூடாது என்று அவள் தடுத்துப் பார்த்தும், கடம்பூரில் அண்ணன் செத்துக் கிடக்கிறான். பழியோ அவள் அனுப்பிய வந்தியத்தேவன் மேலேயே விழுகிறது. கொன்றது யார்? நந்தினியா, ரவிதாசனா, இருட்டில் கத்தி எறிந்த பெரிய பழுவேட்டரையரா, இல்லை கரிகாலன் தானேவா? கல்கி திட்டவட்டமாகச் சொல்லவில்லை. துப்பறியும் கதை என்றால் கடைசியில் "இதோ குற்றவாளி!" என்று விரல் நீட்ட வேண்டும். கல்கி ஏன் நீட்டவில்லை? அதற்குப் பதில் கதைக்கு வெளியே, நம் ஊருக்குப் பக்கத்தில் ஒரு கோயில் சுவரில் இருக்கிறது.

கல் சொல்லும் சாட்சி

விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் ஏறி ஸ்ரீமுஷ்ணம் வழியாகப் போனால் காட்டுமன்னார்கோயில். வீராணம் ஏரிக்கரை ஊர். வந்தியத்தேவன் ஆடிப்பெருக்கு அன்று குதிரையில் வரும் அதே ஏரி. அங்கே உடையார்குடியில் அனந்தீசுவரர் கோயில். அதன் சுவரில் ராஜராஜ சோழனின் 2-ம் ஆட்சியாண்டு, அதாவது சுமார் கி.பி. 987-ஐச் சேர்ந்த ஒரு கல்வெட்டு. ஆதித்த கரிகாலன் கொலை செய்யப்பட்டான் என்பதற்கு நம்மிடம் இருக்கும் நேரடிச் சாட்சி அதுதான்.

அதில் பெயர்கள் இருக்கின்றன. சோமன், அவன் தம்பி ரவிதாசன் என்கிற பஞ்சவன் பிரமாதிராஜன், அவன் தம்பி பரமேஸ்வரன் என்கிற இருமுடிசோழ பிரமாதிராஜன். பாண்டியன் தலை கொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள் என்று கல்வெட்டு இவர்களைச் சொல்கிறது. இவர்களுடைய சொத்து மட்டுமில்லாமல், நெருங்கிய உறவினர்கள் சொத்தும் பறிமுதல்.

ஆனால் கல்வெட்டைத் துப்பறிவாளர் கண்ணோடு படித்தால் ஒரு விஷயம் தெரியும். அது கொலை வழக்கின் தீர்ப்பு இல்லை, நிலப் பத்திரம்! பறிமுதல் ஆன நிலத்தை ஒருவர் விலைக்கு வாங்கிக் கோயில் தர்மத்துக்கு எழுதி வைக்கிறார். "இந்த நிலம் எனக்கு எப்படி வந்தது தெரியுமா?" என்று வில்லங்கம் இல்லாமல் காட்டுவதற்காகத்தான் கொலைச் செய்தி உள்ளே வருகிறது. அதனால்தான் கொலை எங்கே நடந்தது, எப்படி நடந்தது, யார் தூண்டினார்கள் என்று ஒரு வார்த்தை கிடையாது. கடம்பூர் மாளிகை, இருட்டு அறை எல்லாம் கல்கியின் கைவண்ணம்.

இன்னொன்று, பட்டப் பெயர்கள். பிரமாதிராஜன் என்பது அந்தணர்களாக இருந்த உயர் அதிகாரிகளுக்குக் கொடுத்த பட்டம். பஞ்சவன் என்றால் பாண்டியன். அப்படியானால் ரவிதாசன் பாண்டிய நாட்டு அதிகாரி, வீரபாண்டியன் தலைக்குப் பழி வாங்கினான் என்று நினைக்கத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்! அவன் தம்பியின் பட்டத்தில் 'சோழ' என்று இருக்கிறதே? ஒரே குடும்பத்தில் ஒரு பட்டம் பாண்டியன் பக்கம் கை காட்டுகிறது, இன்னொரு பட்டம் சோழர் அரண்மனைக்கே கை காட்டுகிறது. கல்கி இதில் பாண்டிய வழியைப் பிடித்துக்கொண்டு ரவிதாசன் கூட்டத்தை உருவாக்கினார்.

சந்தேகம் வேறு, சாட்சியம் வேறு

இப்போது அந்த இங்கிலாந்து ரிச்சர்டை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். நம்மிடமும் ஒரு ரிச்சர்ட் இருக்கிறார். உத்தம சோழன்! கதையில் வரும் மதுராந்தகன்.

கரிகாலன் இறந்தது கி.பி. 970-ஐ ஒட்டி. அடுத்து அரியணை ஏறியவர் சித்தப்பா முறையான உத்தம சோழன். 985-ல் ராஜராஜன் பட்டத்துக்கு வந்த பிறகுதான் கல்வெட்டில் பறிமுதல் செய்தி தெரிகிறது. நடுவில் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. உத்தம சோழன் ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை? அவருக்கே பங்கு உண்டோ? பெரிய வரலாற்று ஆசிரியரான கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியாரே அந்தச் சந்தேகத்தை எழுப்பினார். டி.வி. சதாசிவ பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை.

எதிர்த்தரப்பு வாதத்தையும் கேளுங்கள். கல்வெட்டில் இருப்பது நிலம் கைமாறிய ஆண்டு. குற்றவாளிகள் பிடிபட்டதும் அதே ஆண்டுதான் என்று எப்படிச் சொல்ல முடியும்? மற்றொன்று, ராஜேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேடு. சித்தப்பாவுக்கு ஆசை இருக்கும்வரை தனக்கு அரசு வேண்டாம் என்று அருள்மொழி ஒதுங்கினான், உத்தம சோழன் அவனையே இளவரசன் ஆக்கினான் என்று அது சொல்கிறது. ராஜராஜன் தன் பிள்ளைக்கு முதலில் இட்ட பெயர் மதுராந்தகன். அண்ணனைக் கொன்றவன் பெயரையா பிள்ளைக்கு வைப்பான்? உத்தம சோழனின் மகனும் ராஜராஜன் ஆட்சியில் கோயில் காரியங்களை மேற்பார்க்கும் அதிகாரியாக இருந்திருக்கிறார்.

நம்ம ஊர்க்காரர்களுக்கு இதில் தனி அக்கறை உண்டு. பழமலைநாதர் என்று நாம் கும்பிடும் விருத்தகிரீஸ்வரர் கோயிலைக் கற்றளியாக எடுப்பித்தவர் செம்பியன் மாதேவியார். அவர் உத்தம சோழனைப் பெற்ற தாய். மகன் ஆட்சிக் காலத்தில் செய்த திருப்பணி அது. மகன் கொலைகாரன் என்றால் அந்த அம்மாவை ராஜராஜனும் குந்தவையும் அவ்வளவு மரியாதையாக வைத்திருப்பார்களா?

இவை எல்லாம் வாதங்கள்தான், முடிவான தீர்ப்பு இல்லை. இரண்டு பக்கமும் எடை போட்டால் உத்தம சோழன்மீது இருப்பது சந்தேகம். சாட்சியம் இருப்பது கல்வெட்டில் பெயர் உள்ளவர்கள்மீது மட்டும். கல்கி விரல் நீட்டாமல் விட்டதை நான் மதிப்பது இதனால்தான். கற்பனைக் கதையிலும், தெரியாததைத் தெரிந்ததாக அவர் காட்டவில்லை.

நம்ம சூளையும் ஒரு துப்பறியும் கதையும்

இனிமேல் டெக்னிகல். மலர்க் குழுவினர் கவனிக்க!

பயிற்சிக்காக ஒரு யூனிட்டுக்குப் போயிருந்த சமயம். (பெயர் வேண்டாமே.) கார்த்திகைக்கு அனுப்ப வேண்டிய விளக்குகள் சூளையிலிருந்து வெளியே வந்தபோது பாதிக்குப் பாதி விரிசல். மேஸ்திரிக்கு ஆத்திரம். கிளேஸ் தோய்த்த அக்காவைத்தான் பிடித்தார். "காயாத சாமான்ல முக்கி வச்சிருக்கே, அதான் வெடிச்சுடுச்சு. உன் கூலியில பிடிக்கிறேன்." பீஸ் ரேட் கூலி. பிடித்தால் அந்த வாரம் வீட்டில் அரிசிக்கே திண்டாட்டம்.

அந்த அக்கா அழவில்லை, சண்டையும் போடவில்லை. உடைந்த விளக்கு ஒன்றை எடுத்து விரிசல் ஓரத்தில் நகத்தை ஓட்டினார். "மேஸ்திரி, கையை வச்சுப் பாருங்க. கத்தி மாதிரி இருக்கு. முன்னாடியே விரிஞ்சிருந்தா கிளேஸ் உருகி உள்ளே ஓடி ஓரம் மழமழன்னு ஆயிருக்குமே? இது ஆறும்போது வெடிச்சது. கதவை எப்பத் திறந்தீங்க?"

யாரும் பேசவில்லை. லாரி காத்திருக்கிறது என்று ராத்திரியே சூளைக் கதவைத் திறந்துவிட்டிருந்தார்கள். கூலி பிடிக்கப்படவில்லை.

நாம் புத்தகத்தில் படிப்பது இதைத்தான். 573 டிகிரி சென்டிகிரேடில் குவார்ட்ஸ் தன் வடிவத்தை மாற்றிக்கொள்கிறது, அளவிலும் சட்டென்று சுருங்குகிறது. அந்த எல்லையைச் சாமான் மெதுவாகத் தாண்ட வேண்டும். குளிர்ந்த காற்று திடீரென்று பட்டால் ஒரு பக்கம் சுருங்கி, மறு பக்கம் சுருங்காமல் வெடிக்கும். கிளேஸ் ஏற்கெனவே இறுகிப் போயிருப்பதால் ஓரம் கூர்மையாக நிற்கும். கிளேஸ் உருகுவதற்கு முன்னால் வந்த விரிசல் என்றால், உருகிய கிளேஸ் ஓரத்தை வழவழப்பாக்கி இருக்கும். எது எப்போது நடந்தது என்பதை விரிசலே எழுதி வைத்திருக்கிறது, படிக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

உடையார்குடிக் கல்வெட்டைப் படிப்பவரும் இதே வேலையைத்தான் செய்கிறார். எழுத்தைப் பார், ஆண்டைப் பார், எதற்காக எழுதினார்கள் என்று பார், அப்புறம் ஆள் மேல் கை வை. இதைத் தலைகீழாகச் செய்தால் கையில் அகப்பட்டவர் தலையில் பழி விழும். அரசராக இருந்தால் புத்தகத்தில் கெட்ட பெயர், கூலிக்காரராக இருந்தால் வயிற்றில் ஈரத்துணி. அந்த அக்காவிடம் பட்டுப் புடவையும் இல்லை, பல்லக்கும் இல்லை. ஆனால் கேட்ட கேள்வி இளைய பிராட்டி கேட்கும் கேள்வி!

உண்மைக் குந்தவை

நிஜத்தில் குந்தவைப் பிராட்டியார் அண்ணன் கொலையைத் துப்பறிந்தாரா? அப்படி எந்தக் கல்வெட்டும் இல்லை. ஆனால் அவரைப் பற்றிக் கல்லில் இருப்பது எதுவும் குறைவில்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில், தான் கொடுத்தவற்றுக்கு அடுத்தபடியே 'நம் அக்கன்' கொடுத்தவற்றையும் வெட்டச் சொல்கிறான் ராஜராஜன். தன் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அக்கோயிலில் படிமங்கள் எடுத்து வைத்தவர் இவர். திண்டிவனத்துக்குப் பக்கத்தில் தாதாபுரத்தில் சிவனுக்கும் விஷ்ணுவுக்கும் சமணர்களுக்கும் தனித்தனியே கோயில் எடுப்பித்திருக்கிறார். தஞ்சையில் சுந்தர சோழர் பெயரால் ஆதுலசாலை, அதாவது ஆஸ்பத்திரி, நடக்க நிலம் விட்டிருக்கிறார். வல்லவரையர் வந்தியதேவரின் மனைவி என்பதும் கல்வெட்டில் உள்ள செய்திதான். தஞ்சாவூரில் இன்று அவர் பெயரில் அரசு மகளிர் கல்லூரி ஒன்று இருக்கிறது.

சொத்தும் சுயபுத்தியும் உள்ள ஒரு பெண் கல்வெட்டில் நிற்கிறார். அந்தப் புத்தியைக் கதைக்குள் ஓட விட்டால் என்ன செய்வாள் என்று கல்கி யோசித்ததுதான் நமக்குக் கிடைத்த இளைய பிராட்டி.

கடைசியாக ஒரு யோசனை

சுந்தரர் நம்ம மணிமுத்தாற்றில் பொன்னைப் போட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்று புராணம். "ஆத்துல போட்டுட்டுக் குளத்துல தேடறான்" என்று கிண்டலுக்குச் சொல்கிறோம். சரித்திரத் துப்பறியும் வேலை நிஜமாகவே அப்படித்தான் இருக்கிறது. சோழ நாட்டில் நடந்த ஒரு கொலையின் தடயம் ஏரிக்கரை ஊரின் நிலப் பத்திரத்திலும், எங்கோ வடக்கே திருவாலங்காட்டுச் செப்பேட்டிலும் அகப்படுகிறது.

ஆகவே தோழர்களே, தோழியரே! படம் பார்த்தவர்கள் புத்தகத்தையும் படியுங்கள். கல்கியின் எழுத்துகள் அரசுடைமை ஆகிவிட்டதால் மலிவுப் பதிப்பு எந்தப் புத்தகக் கடையிலும் கிடைக்கும். படிக்கும்போது ஒரு பென்சில் வைத்துக்கொண்டு, குந்தவை எங்கெல்லாம் கேள்வி கேட்கிறாள் என்று கோடு போட்டுப் பாருங்கள். புத்தகம் முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் சேர்ந்து காட்டுமன்னார்கோயிலுக்குப் பஸ் ஏறுங்கள். கல்வெட்டைத் தொட வேண்டாம், சுண்ணாம்பு தடவ வேண்டாம், பெயர் கிறுக்க வேண்டாம். நின்று பாருங்கள், போதும். அடுத்த வருஷ மலரில் உங்கள் விசாரணை அறிக்கையை எதிர்பார்க்கிறேன்!

– இறுதியாண்டு மாணவன், பீங்கான் தொழில்நுட்பப் பிரிவு